ஒரே பரேடு, மூன்று மதிப்பு: என்.சி.சி. விருப்பப் பாடமாகும்போது

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறைப் பாடத்திட்டத்தை எடுத்து இரண்டாம் செமஸ்டர் அட்டவணையைப் பாருங்கள். கணிதம், இயற்பியல், வரைபடம் என்று வரிசையாகப் பாடங்கள் வரும். நடுவே ஒரு வரி: 'என்.சி.சி. கிரெடிட் கோர்ஸ், லெவல் 1'. அதன் பக்கத்தில் ஒரு சின்னக் குறி. கீழே போய் அந்தக் குறிக்கு விளக்கம் தேடினால் இரண்டு செய்திகள் கிடைக்கும். இந்தப் பாடம் என்.சி.சி. மாணவர்களுக்கு மட்டும். வாங்கும் கிரேடு மார்க் ஷீட்டில் பதிவாகும், ஆனால் சி.ஜி.பி.ஏ. என்கிற ஒட்டுமொத்த மதிப்பெண் சராசரிக் கணக்கில் சேராது.

பாடம் உண்டு, கிரெடிட் உண்டு, தேர்வு உண்டு, கிரேடும் உண்டு. ஆனால் மாணவனின் தலையெழுத்தைத் தீர்மானிக்கிற அந்த ஒரு எண்ணில் மட்டும் இடம் கிடையாது. இது கல்லூரி நிர்வாகத்தின் குழப்பம் என்று சிரித்துவிட்டுப் போகலாம். நான் இதைக் குழப்பமாகப் பார்க்கவில்லை. தேசிய மாணவர் படைப் பயிற்சியை உயர்கல்வி எப்படி மதிப்பிடுவது என்ற கேள்விக்கு இன்னும் யாரிடமும் தெளிவான பதில் இல்லை. அந்தக் குறி அதைத்தான் காட்டுகிறது.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். புதிய கல்விக் கொள்கை வந்த அடுத்த ஆண்டு, 2021 ஏப்ரலில், பல்கலைக்கழக மானியக் குழு எல்லாப் பல்கலைக்கழகங்களுக்கும் எழுதியது. என்.சி.சி.யைப் பொது விருப்பப் பாடமாக, கிரெடிட்டுடன் சேர்த்துக்கொள்ளுங்கள் என்பது செய்தி. பாடத்திட்டத்தைத் தயாரித்தது என்.சி.சி. தலைமை இயக்ககம். ஆறு செமஸ்டர்களில் பரவிய 24 கிரெடிட். வகுப்பறைப் பாடம், செய்முறை, முகாம் மூன்றும் அதில் அடக்கம். முடிப்பவருக்கு என்.சி.சி. பயிற்சிக்கென்று வழக்கமாகத் தருகிற 'பி', 'சி' சான்றிதழ்களும் உண்டு.

24 கிரெடிட் என்பது சின்ன எண் இல்லை. புதிய கல்விக் கொள்கையின் சட்டகத்தில் மூன்றாண்டுப் பட்டத்துக்கு 120 கிரெடிட். அதில் ஐந்தில் ஒரு பங்கு இது. தமிழ்நாட்டின் கலை அறிவியல் கல்லூரிகளில் மூன்றாண்டுப் பட்டத்துக்குப் பொதுவாக 140 கிரெடிட். அங்கே என்.சி.சி. எங்கே இருக்கிறது? ஐந்தாம் பகுதியில், விரிவாக்கப் பணிகள் என்ற தலைப்பின் கீழ், நாட்டு நலப்பணித் திட்டம், இளையோர் செஞ்சிலுவை, விளையாட்டு இவற்றோடு ஒன்றாக. எதில் சேர்ந்தாலும் ஒரே ஒரு கிரெடிட். அண்ணா பல்கலைக்கழகத்தில் லெவல் 1, 2, 3 என்று முறையே 2, 3, 3, ஆக மொத்தம் எட்டு.

ஆக, அதே சனிக்கிழமைக் காலை, அதே பூட்ஸ், அதே பத்து நாள் முகாம். பி.ஏ. வரலாறு படிக்கிறவனுக்கு அது ஒரு கிரெடிட். பி.இ. படிக்கிறவனுக்கு எட்டு, ஆனால் சி.ஜி.பி.ஏ.வுக்கு வெளியே. மானியக் குழு சொன்னபடி நடத்துகிற இடத்தில் இருபத்து நான்கு. ஒரே பட்டாலியனில், ஒரே வரிசையில் நிற்கிற மூன்று பேருக்கு இந்த நிலை. கிரெடிட் என்பது உழைப்பு நேரத்தின் அளவு என்றால் இப்படி ஒன்றுக்கு இருபத்து நான்கு என்று விலகிப் போக வழியே இல்லை. ஆளாளுக்கு வேறு எதையோ அளக்கிறார்கள்.

எதை அளக்கிறார்கள் என்று பார்க்க, பயிற்சிக்கு உள்ளே கொஞ்சம் போக வேண்டும்.

வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு டிரில் என்பது கையைக் காலை வீசி நடப்பது. உள்ளே அது அங்குலக் கணக்கு. 'சாவ்தான்' (நேராக நில்) என்றால் குதிகால்கள் ஒட்டியிருக்க வேண்டும், பாதங்களுக்கு இடையில் 30 டிகிரி கோணம். 'விஷ்ராம்' (இளைப்பாறி நில்) என்றால் கால்களுக்கு நடுவே 12 அங்குலம். 'தேஜ் சல்' (விரைந்து நட) என்றால் காலடிக்கு 30 அங்குலம். முதல் மாதம் இருபது பேர் சேர்ந்து திரும்பினால் இருபது சத்தம் கேட்கும். ராணுவத்திலிருந்து வந்திருக்கும் பயிற்றுநர், 'பி.ஐ. ஸ்டாஃப்' என்று பையன்கள் சொல்கிற ஹவில்தார், அந்த இருபதும் ஒரு சத்தமாகும்வரை விடமாட்டார். வெயில் ஏறும்போது யாராவது ஒருவன் தலைசுற்றி உட்கார்ந்துவிடுவதும் உண்டு. சரியாகச் செய்தவன் யார், செய்யாதவன் யார் என்று அந்த ஹவில்தாரைக் கேட்டால் பெயரோடு சொல்வார். 'பி', 'சி' சான்றிதழ்த் தேர்வுகளில் டிரிலுக்குத் தனி மதிப்பெண் இருப்பதும் அதனால்தான். துப்பாக்கியைக் கழற்றிச் சேர்ப்பது, வரைபடம் பார்த்து இடம் கண்டுபிடிப்பது, குறி பார்த்துச் சுடுவது எல்லாமே இந்த வகைதான். வந்ததா வரவில்லையா என்பது கண்ணெதிரே தெரிந்துவிடும்.

இப்போது அண்ணா பல்கலைக்கழகத்தின் லெவல் 1 பாடத்தைப் பாருங்கள். வாரத்துக்கு இரண்டு மணி நேரம் வகுப்பு, செய்முறைக்குப் பூஜ்யம். அலகுகள்: என்.சி.சி. பொது அறிமுகம், தேசிய ஒருமைப்பாடு, ஆளுமை வளர்ச்சி, தலைமைப் பண்பு, சமூக சேவை. லெவல் 2இல் ராணுவ வரலாறு, எல்லை மற்றும் கடலோரப் பகுதிகள், காலாட்படை என்று பாடம் கொஞ்சம் கனமாகிறது. ராணுவ வரலாறு படிக்க வேண்டியதுதான், மறுப்பில்லை. ஆனால் தலைமைப் பண்பைப் பற்றி எழுதச் சொல்லி மதிப்பெண் போட்டால் கிடைப்பது என்ன? தலைவனின் பத்து குணங்களை வரிசையாக எழுதத் தெரிந்தவன் நல்ல கிரேடு வாங்குவான். முகாமில் ராத்திரி இரண்டு மணிக்குக் காவல் மாற்ற வேண்டிய ஜூனியரை எழுப்பிவிட்டு, அவனுக்குக் காய்ச்சல் என்று தெரிந்ததும் தானே அந்த நேரத்தையும் சேர்த்து நின்றவனுக்கு அந்தத் தாளில் இடமே இல்லை. மென்திறன் என்ற பெயரில் கல்லூரிகளில் ஏற்கெனவே நடக்கும் பாடங்களோடு இந்த அலகுகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பெரிய வித்தியாசமும் தெரியாது.

இதில் எனக்கு வேடிக்கையாகப் படுவது ஒன்று உண்டு. மைதானத்தில் நடப்பது அளக்க முடியாதது, வகுப்பறையில் நடப்பதுதான் அளக்கக்கூடியது என்ற எண்ணத்தில்தான் பாடம் வகுப்பறைக்குள் கொண்டுவரப்படுகிறது. நிலவரம் தலைகீழ். பாகையிலும் அங்குலத்திலும் அளக்கிற டிரிலை வெளியே விட்டுவிட்டு, ஆளுமை வளர்ச்சிக்கு மதிப்பெண் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

தமிழ்வழியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துப் பொறியியலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு இதில் இன்னொரு சங்கடம். மைதானத்தில் அவர்கள் யாருக்கும் குறைந்தவர்களில்லை. பல இடங்களில் முன்வரிசையில் நிற்பது அவர்கள்தான். அதையே ஆங்கிலத் தாளாக மாற்றிய மறுகணம் அவர்கள் பின்வரிசைக்குப் போகிறார்கள்.

மொழி என்றதும் ஒரு பழைய கதை ஞாபகத்துக்கு வரும். 1962 சீனப் போருக்குப் பிறகு, 1963இல், கல்லூரிகளில் என்.சி.சி. கட்டாயமாக்கப்பட்டது. எண்ணிக்கை எகிறியது. ராணுவமே விரிவடைந்துகொண்டிருந்த காலம் அது, அங்கேயே அதிகாரிகள் போதவில்லை. கல்லூரி மைதானங்களுக்கு யார் வருவது? ஐந்து ஆண்டுதான் தாங்கியது. 1968இல் மீண்டும் விருப்பத்துக்கு விடப்பட்டது, அடுத்த ஆண்டே நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கியது. அதே 1968 ஜனவரியில் அண்ணா தலைமையிலான அரசு சட்டமன்றத்தில் கொண்டுவந்த மொழித் தீர்மானத்தை இருமொழிக் கொள்கைக்காக எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். என்.சி.சி.யில் இந்திக் கட்டளைச் சொற்கள் கூடாது என்பதும் அந்தத் தீர்மானத்தில் இருந்தது. கட்டளைகள் இன்றும் இந்தியில்தான் ஒலிக்கின்றன. மாணவர்களும் காதால் கேட்டுக் காலால் பழகிவிடுகிறார்கள். ஆனால் ஒரு பல்கலைக்கழகம் இதைத் தன் பாடமாக ஏற்றுக்கொள்ளும்போது, பாடத்தின் மொழி என்ன, பாடநூலை யார் எழுதுவது, திருத்தும் உரிமை யாருக்கு என்ற கேள்விகள் வகுப்பறைக்குள் கூடவே வரும். கல்விக்குழுவில் உட்கார்ந்திருக்கும் பேராசிரியர்கள் வேறு எந்தப் பாடத்திலும் ஒரு வெளித்துறை எழுதித் தந்த பாடத்திட்டத்தை அப்படியே வாங்கி அச்சடிப்பதில்லை.

அமெரிக்காவில் இதே சிக்கல் பெரிய சண்டையாகவே வெடித்தது. அங்கே 1916ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உருவான ஆர்.ஓ.டி.சி. என்ற மாணவர் ராணுவப் பயிற்சித் திட்டம் பல்கலைக்கழகங்களுக்குள் ஒரு துறையாகவே இயங்குகிறது. பயிற்சி தர வரும் ராணுவ அதிகாரிக்கு 'ராணுவ அறிவியல் பேராசிரியர்' என்ற பதவிப் பெயர். 1969 பிப்ரவரியில் ஹார்வர்டு ஆசிரியர் குழு அந்தப் பாடங்களுக்கான கிரெடிட்டை எடுத்துவிட வாக்களித்தது. வியட்நாம் போர் எதிர்ப்பு பின்னால் இருந்தது, சந்தேகமில்லை. ஆனால் ஆசிரியர்கள் எடுத்த வாதம் கல்வி சார்ந்தது. பாடத்தையும் ஆசிரியரையும் நாங்கள் தேர்ந்தெடுக்காதபோது அதற்கு எங்கள் பட்டத்தில் எப்படி இடம் தருவது என்று கேட்டார்கள். ஆர்.ஓ.டி.சி. அந்த வளாகத்துக்கு முறைப்படி திரும்பியது 2011இல்.

நம் ஊருக்கு அந்தச் சண்டையை அப்படியே கொண்டுவர முடியாது. ஆர்.ஓ.டி.சி. அதிகாரிகளை உருவாக்கும் பாதை, உதவித்தொகை வாங்கினால் சேவை செய்தாக வேண்டும். என்.சி.சி. சட்டத்தில் அப்படி ஒரு கட்டாயம் இல்லை. சேர்ந்ததால் போர்க்களப் பணிக்குக் கடமைப்பட்டவர் ஆகமாட்டார் என்று 1948ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. எனவே 'கல்லூரியை ராணுவமயமாக்குகிறார்கள்' என்ற பயம் இங்கே பாதி பொருந்தாது. ஆனால் ஹார்வர்டு ஆசிரியர்களின் கல்விக் கேள்வி இங்கே முழுசாகப் பொருந்துகிறது.

நம்மிடம் அந்தக் கேள்வியைச் சுமக்கிறவர் ஒரு தனி மனிதர். கல்லூரியின் என்.சி.சி. அதிகாரி. வேதியியலோ வணிகவியலோ நடத்துகிற உதவிப் பேராசிரியர், நாக்பூருக்குப் பக்கத்தில் காம்ப்டியில், பெண் என்றால் குவாலியரில், பயிற்சி முடித்து லெப்டினன்ட் ஆகி வருவார். திங்கள் முதல் வெள்ளி வரை பேராசிரியர், சனிக்கிழமை லெப்டினன்ட். பட்டாலியனின் கமாண்டிங் ஆஃபீசரான கர்னலுக்கும் பதில் சொல்ல வேண்டும், முதல்வருக்கும் பதில் சொல்ல வேண்டும். கிரெடிட் பாடம் வந்ததும் மூன்றாவதாகத் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரும் சேர்ந்துகொண்டார். கேள்வித்தாள், இன்டர்னல் மதிப்பெண், வருகைப் பதிவு எல்லாம் இவர் தலையில். ஒரு நல்லதும் உண்டு. இத்தனை நாள் 'கூடுதல் பொறுப்பு' என்ற பெயரில் கணக்கில் வராமல் போன இவருடைய உழைப்பு, பாடவேளையாகக் கணக்கில் ஏற வாய்ப்பு கிடைத்திருக்கிறது. எந்தக் கல்லூரி உண்மையில் ஏற்றுகிறது என்பது அந்தந்தக் கல்லூரியின் மனசைப் பொறுத்தது.

மாணவன் பக்கம் பார்த்தால் அவனுக்கு இரட்டைத் தேர்வு. பட்டாலியன் நடத்தும் 'பி', 'சி' தேர்வு ஒரு பக்கம், பல்கலைக்கழகத் தேர்வு மறுபக்கம். பாடப்பகுதி பெரும்பாலும் ஒன்றே. இதில் வேலைக்கு உதவுவது எது? மத்திய ஆயுதக் காவல் படைகளின் காவலர் தேர்வில் 'சி' சான்றிதழுக்கு மொத்த மதிப்பெண்ணில் 5 சதவீதம், 'பி'க்கு 3 சதவீதம் ஊக்க மதிப்பெண். ராணுவத்தின் என்.சி.சி. சிறப்பு நுழைவில் எழுத்துத் தேர்வே கிடையாது. 'சி' சான்றிதழில் குறைந்தது 'பி' கிரேடும், பட்டப்படிப்பில் 50 சதவீதமும் இருந்தால் நேராக எஸ்.எஸ்.பி. என்ற ராணுவத் தேர்வு வாரியத்தின் நேர்காணல், தேறினால் பரங்கிமலை அதிகாரிகள் பயிற்சி மையம். இவை எதிலும் பல்கலைக்கழக கிரெடிட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வேலைச் சந்தையில் மதிப்புள்ள சான்று ஏற்கெனவே கையில் இருக்கும்போது, மாணவனுக்கு கிரெடிட் தரக்கூடிய ஒரே உண்மையான லாபம் நேரம். என்.சி.சி.யை எடுத்தால் இன்னொரு விருப்பப் பாடத்தை விடலாம் என்ற நிலை வந்தால்தான் அது விருப்பப் பாடம். சி.ஜி.பி.ஏ.வில் சேராமல், எந்தப் பாடத்தையும் குறைக்காமல், கூடுதலாக ஒரு தாளைச் சுமக்க வைத்தால் அதன் பெயர் வேறு.

'விருப்பம்' என்ற சொல்லிலேயே இன்னொரு ஓட்டை இருக்கிறது. விருப்பப் பாடத்தை மாணவன் தேர்ந்தெடுப்பான். இங்கே பாடம் மாணவனைத் தேர்ந்தெடுக்கிறது. முதலாம் ஆண்டு சேர்க்கை நாளில் மைதானத்தில் நூற்றுக்கணக்கானவர்கள் நிற்பார்கள். உயரம், ஓட்டம், மருத்துவத் தகுதி பார்த்துச் சிலரை எடுப்பார்கள், மற்றவர்கள் வகுப்புக்குத் திரும்புவார்கள். 2024இல் பாதுகாப்பு அமைச்சகம் மேலும் 3 லட்சம் இடங்களுக்கு ஒப்புதல் தந்தது. அதையும் சேர்த்து மொத்தம் 20 லட்சம், அதுவும் பள்ளிகளைச் சேர்த்து. உயர்கல்வியில் மட்டும் படிப்பவர்கள் 4 கோடிக்கு மேல். பெரும்பாலான கல்லூரிகளில் யூனிட்டே கிடையாது. மாற்றுத்திறனாளி மாணவருக்கு நடைமுறையில் கதவு மூடியிருக்கிறது. சட்டத்தின் சேர்க்கைப் பிரிவு ஆண் மாணவர், பெண் மாணவர் என்று மட்டுமே பேசுவதால், கேரளத்தில் ஒரு திருநங்கை மாணவி சேர அனுமதி கேட்டு உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. பாடத்துக்கு வெளியே ஒரு படையாக இருக்கும்வரை இந்தத் தேர்வு முறைக்கு ஏதாவது நியாயம் சொல்லலாம். பட்டத்தின் ஐந்தில் ஒரு பங்கு கிரெடிட் அதில் இருக்கிறது என்றால், உடல் தகுதியால் வெளியே நிற்பவருக்கு அதே எடையில் என்ன தருகிறீர்கள் என்று கேட்க உரிமை உண்டு.

இடம் குறைவு, ஆசை அதிகம் என்பதன் ஆபத்தையும் பார்த்துவிட்டோம். 2024 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரு தனியார் பள்ளியில் 'என்.சி.சி. முகாம்' என்ற பெயரில் நடந்தது போலி முகாம். அதில் மாணவிகள் பாலியல் கொடுமைக்கு ஆளானார்கள். நடத்தியவருக்கும் படைக்கும் தொடர்பே இல்லை என்பது பிறகுதான் வெளியே வந்தது. கல்லூரிக்குக் கிரெடிட் என்ற கூடுதல் கவர்ச்சியும் வந்துவிட்ட பிறகு, முகாமை நடத்துவது எந்த பட்டாலியன், ஆணை எண் என்ன என்று சரிபார்க்கிற வேலை பல்கலைக்கழகத்தின் மேலேயும் விழுகிறது. முழுச் சுயநிதி முறையில் நிறுவனங்களே செலவேற்று யூனிட் நடத்தும் வழி இப்போது இருப்பதால் இந்தச் சரிபார்ப்பு இன்னும் அவசியம்.

என் தீர்ப்பு என்ன என்று கேட்டால், கிரெடிட் தரலாம், தரவும் வேண்டும். ஆனால் தாளுக்கு அல்ல. ஒரு வருடாந்திரக் கூட்டுப் பயிற்சி முகாம் பத்து நாள். விடிகாலை உடற்பயிற்சியில் தொடங்கி ராத்திரி வருகைக் கணக்கெடுப்பு வரை போகும் நாளை, வெறும் எட்டு மணி நேரம் என்று குறைத்துப் போட்டாலும் 80 மணி. செய்முறைக்கு 30 மணி நேரம் ஒரு கிரெடிட் என்ற வழக்கமான கணக்கில் அது இரண்டரைக்கு மேல். 'சி' சான்றிதழுக்குத் தேவையான இரண்டு முகாம்களிலேயே ஐந்து கிரெடிட் வந்துவிடும். பரேடு நேரம் தனி. இதற்கு யாரும் புதிதாகக் கேள்வித்தாள் தயாரிக்க வேண்டாம். முகாம் முடித்தாரா, பரேடு வருகை 75 சதவீதம் இருக்கிறதா, பட்டாலியனின் 'பி', 'சி' தேர்வில் தேறினாரா என்று பார்த்து, தேர்ச்சி அல்லது தேர்ச்சியில்லை என்று போட்டால் போதும். ஒருவனின் ஒழுங்கை 'ஏ பிளஸ்' என்றும் இன்னொருவனுடையதை 'பி' என்றும் தரம் பிரிப்பது எனக்கு ஏற்புடையதில்லை. சி.ஜி.பி.ஏ.வுக்கு வெளியே வைத்த அண்ணா பல்கலைக்கழகத்தின் முடிவு, இந்த ஒரு விஷயத்தில், சரி என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அந்த எட்டு கிரெடிட்டுக்குச் சமமாக ஏதாவது ஒரு திறந்தநிலை விருப்பப் பாடத்தை விட்டுக்கொடுக்க வேண்டும். ராணுவ வரலாறும் பாதுகாப்புக் கொள்கையும் படிக்க வேண்டும் என்றால் அதை எல்லா மாணவருக்கும் திறந்த பாடமாக வைக்கலாம். சென்னைப் பல்கலைக்கழகத்தில் பாதுகாப்பு மற்றும் உத்தியியல் துறை இருக்கிறது. அந்தப் பாடத்தை நடத்தவும் திருத்தவும் படித்தவர்கள் அங்கே இருக்கிறார்கள்.

இதெல்லாம் வருவதற்கு முன்னால் செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது, அதற்குக் காசும் செலவில்லை. குடியரசு தின அணிவகுப்புக்குத் தேர்வாகிற கேடட், ஜனவரியில் டெல்லியில் ஒரு மாதம் இருப்பதோடு முடிவதில்லை. அதற்கு முன்பு பல மாதங்கள் அடுத்தடுத்துத் தேர்வு முகாம்கள். இன்டர்னல் தேர்வும் ஆய்வகமும் அந்த நாட்களில்தான் வரும். ஒவ்வொரு முறையும் ஓ.டி. கடிதத்தை (முகாம் பணியால் வகுப்புக்கு வரவில்லை என்று சொல்வது) எடுத்துக்கொண்டு ஒவ்வொரு ஆசிரியரின் மேசைக்கும் போய் நிற்க வேண்டும். சிலர் கையெழுத்துப் போடுவார்கள், சிலர் 'உனக்குப் படிப்பு முக்கியமா, பரேடு முக்கியமா' என்பார்கள். கடைசியில் டெல்லி கர்த்தவ்ய பாதையில் நடந்துவிட்டு வந்தவன் இரண்டு அரியரோடு நிற்பான். முகாம் நாட்களில் தவறிய இன்டர்னலுக்கு மறுதேர்வு உண்டு, ஆய்வகத்துக்கு மாற்று நாள் உண்டு, இது ஆசிரியரின் தயவு அல்ல, மாணவரின் உரிமை என்று ஒழுங்குமுறையில் இரண்டு வரி சேர்த்தால் போதும். அந்த அட்டவணையில் குறிபோட்டு அடிக்குறிப்பு எழுதத் தெரிந்தவர்களுக்கு இந்த இரண்டு வரியை எழுதுவது சிரமமான வேலை இல்லை.